கொடையன்று, கடன்: முன்னாள் படைவீரரும் மாவனல்லைத் தோட்டத்து முதியோரும்

1931ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் இலங்கையின் வீதிகளில் இருவகை மலர்கள் விற்பனைக்கு வந்தன. ஒன்று, முதலாம் உலகப் போரின் நினைவாக ஆண்டுதோறும் விற்கப்பட்டுவந்த செந்நிறப் பொப்பி மலர். மற்றையது, சிங்களத்திற் 'சூரிய மல்' எனப்படும் பூவரசம்பூ. பொப்பி மலர் விற்பனையாற் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாள் படைவீரரின் நலனுக்கெனக் கடல் கடந்து சென்றது. அதே போரிற் பணியாற்றித் திரும்பிய இலங்கையரோ கவனிப்பாரற்று வறுமையில் வாடினர். இவ்வநீதியைக் கண்டித்து, இலங்கை முன்னாள் படைவீரர் சங்கத்தைச் சேர்ந்த ஈலியன் பெரேரா, உள்ளூர் முன்னாள் வீரரின் துயர் துடைப்பதற்கென்றே பூவரசம்பூ விற்பனையைத் தொடக்கிவைத்தார். 1933ஆம் ஆண்டில் இளைஞர் கழகங்கள் இம்முயற்சியைப் பொறுப்பேற்றன. பின்னர் டொறீன் விக்கிரமசிங்க என அறியப்பட்ட டொறீன் யங் அம்மையார் பொப்பி நிதியைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.

அந்த மலர்ப்போர் எழுப்பிய வினா இன்றும் விடையின்றியே கிடக்கின்றது. ஓர் அரசின் பணியில் தன் உடலைத் தேய்த்தவன் நோயுற்றபோது அவனுக்கு மருத்துவம் செய்வது யாருடைய கடமை? அது மலர் விற்றுத் திரட்டவேண்டிய தருமமா, வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறவேண்டிய கடனா? இவ்வினாவிற்கு இலங்கை அரசு இதுவரை அளித்துள்ள விடை அரைகுறையானது. சீருடை தரித்தவனுக்கு மட்டும் அது கடன்பட்டிருப்பதாக ஒப்புக்கொள்கின்றது. அக்கடனையும் கொடையின் தோரணையிலேயே செலுத்துகின்றது. சீருடையின்றி உழைத்தவனிடம் தான் கடன்பட்டதையே அது மறந்துவிட்டது. இவ்விரு குறைகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதைக் காண்பதற்கு மாவனல்லையினும் பொருத்தமான களம் வேறில்லை.

மகா ஓயா கற்பித்த பாடம்

சூரிய மல் இயக்கத்தவரைக் கேகாலை மாவட்டத்திற்குக் கொண்டுவந்தது போரன்று, நோய். 1934ஆம் ஆண்டின் வறட்சியில் ஆறுகள் வற்றி, அவற்றின் படுக்கைகளிற் குட்டைகள் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்புகள் அக்குட்டைகளிற் பல்கிப் பெருகின. மழைவளத்தாலும் ஓடும் நீராலும் வழக்கமாகக் காக்கப்பட்டிருந்த மகா ஓயா, தெதுரு ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் வடிநிலங்கள் கொள்ளைநோயின் களங்களாயின. மாவனல்லையை ஊடறுத்துச் செல்வது இந்த மகா ஓயாவேயாகும். உலர்வலயத்தாரைப்போல மலேரியாவோடு பழகியிராத இப்பகுதி மக்களின் உடல்களில் அதற்கான எதிர்ப்பாற்றல் இருக்கவில்லை. அந்நோய் ஓய்வதற்குள் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை மாவட்டம் மிக மோசமாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று.

வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலானோர் தலைமையிற் சூரிய மல் தொண்டர்கள் இம்மாவட்டத்தின் ஊர்களுக்குக் கொயினாவும் உணவும் எடுத்துச் சென்றனர். வீடுவீடாகப் பருப்பு வழங்கிய என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தையா' என்ற பெயரே நிலைத்தது. வெறும் வயிற்றிற் கொயினா மட்டும் பயன் தராது, நோய் கொன்றவர்களுட் பலரைப் பசி முன்னரே பாதி கொன்றிருந்தது என்ற உண்மையை அவர்கள் நேரிற் கண்டனர்.

ஈண்டு கவனிக்கவேண்டியது யாதெனில், முன்னாள் படைவீரருக்கென மலர் விற்கத் தொடங்கிய ஓர் இயக்கம், நோயாளியின் வாயிலில் நின்றபோது, 'நீ போருக்குச் சென்றவனா?' என்று வினவவில்லை என்பதேயாகும். வீரனுக்கு நேர்ந்த புறக்கணிப்பு வீரனுக்கு மட்டும் உரியதன்று. குடிமக்கள் அனைவரும் புறக்கணிக்கப்பட்ட ஒரு நாட்டில் அவனும் ஒருவனாகப் புறக்கணிக்கப்பட்டான் என்பதை அவ்வியக்கம் உணர்ந்துகொண்டது. 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதும், மறு ஆண்டில் என். எம். பெரேரா இம்மாவட்டத்து றுவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசுப் பேரவைக்குத் தெரிவானதும் இவ்வுணர்வின் விளைவுகளே. 1951இல் அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டதற்கு வேறு பல காரணங்கள் இருந்தன. ஆயினும் மருத்துவம் என்பது தகுதி பார்த்து வழங்கும் பரிசன்று என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடையே விதைத்தோருள் அத்தொண்டர்களும் அடங்குவர்.

பால் வெட்டிப் போர் செய்தவர்கள்

முன்னாள் படைவீரர் என்னும் சொல் யாரைக் குறிக்கும் என்பதிலேயே முதற் சூழ்ச்சி அடங்கியிருக்கின்றது. 1900ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஐரோப்பியத் துரைமாருக்கென்றே அமைந்தது. 1914இல் அப்படையின் ஓர் அணி எகிப்துக்குக் கப்பலேறியது. திரும்பி வந்த துரை முன்னாள் படைவீரன் என்ற மதிப்பையும் உடன் கொண்டுவந்தான். அவன் போயிருந்த காலத்தில் அவனுடைய தோட்டத்தை வாழவைத்த தொழிலாளிக்கு அத்தகைய பெயர் எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இம்முரண்பாடு மேலுங் கூர்மையடைந்தது. 1942இல் மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமானபோது, நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பர் ஊற்றுகளுள் இலங்கையே தலையாயதாயிற்று. வானூர்தியின் சில்லும், பாரவண்டியின் சில்லும், வைத்தியரின் கையுறையும் இறப்பரின்றி இல்லை. ஆதலின் இயன்ற அளவு பால் எடுக்குமாறு தோட்டங்கள் பணிக்கப்பட்டன. மரம் பட்டுப்போகும் என்பதை அறிந்துகொண்டே அதன் உடல் முழுவதையும் கீறி ஈற்றுச்சொட்டு வரை உறிஞ்சும் முறைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே 'கொலைவெட்டு' என்பதாகும். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் மலைகளில் இப்போர்முயற்சி நிகழ்ந்தது. பொழுது புலருமுன் வெட்டுக்கத்தியோடு மலையேறி, அட்டைக் கடியிலும் மழையிலும் மரத்துக்கு மரம் நடந்து, சிரட்டையில் வழிந்த பாலை வாளியில் ஊற்றித் தோளிற் சுமந்து இறங்கிய ஆணும் பெண்ணும் அப்போரின் படையினரல்லர் என்று எவரால் வாதிட முடியும்? பட்டுப்போன மரங்களின் இடத்தில் மீள்நடுகை செய்வதற்குத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. பட்டுப்போன உடல்களைப் பற்றி எத்திட்டமும் பேசவில்லை.

போர் முடிந்து மூன்றாண்டுகளில் அவர்களுக்குக் கிட்டிய விருது யாவரும் அறிந்ததே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. போர் வீரரை நினைவுகூரும் நவம்பர் 11ஆம் நாள் கழிந்து நான்கே நாள்களில், அப்போருக்குப் பால் வெட்டியோரிற் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். அதன் பின்னரும் அவர்களின் உழைப்பு மட்டும் நாடற்றதாகவில்லை. 1952 டிசெம்பரிற் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தின்படி, குடியுரிமை அற்றவர் வெட்டிய பாலே குடியுரிமை பெற்றவரின் தட்டிற் சோறாயிற்று. 1964 ஒக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முற்றாக முடிவுகட்டும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. ஒரு படைவீரனின் சேவைக்காலத்தை நாள்கணக்கிற் பதிவுசெய்யும் அரசு, இம்மக்களின் சேவைக்காலம் முழுவதையும் பதிவேட்டிலிருந்தே அழித்தது.

தோட்டத்து மருந்தும் நாட்டு மருந்தும்

தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்தில் அரசு தலையிட்டதே இல்லை எனக் கூறுதல் தவறாகும். 1872ஆம் ஆண்டிலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1912இல் புதிய மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், தொழிலாளரிடையேயான நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. கொளுக்கிப்புழு நோயை ஒழிக்கும் பணியில் அமெரிக்க நாட்டு ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் இறங்கினர். இவற்றாற் பல உயிர்கள் காக்கப்பட்டன என்பதும் உண்மையே.

ஆயின் இச்சட்டங்களின் தருக்கத்தை நோக்குதல் வேண்டும். நோயுற்ற தொழிலாளியைக் கவனிக்கும் பொறுப்பு அவனை வேலைவாங்கும் துரையின் தலையிற் சுமத்தப்பட்டது. அதாவது, அவன் மருந்து பெறுவது மனிதன் என்பதனாலன்று, தோட்டத்தின் கைகளுள் ஒன்று என்பதனாலேயாம். இரத்தச்சோகை நீங்கிய கூலி கூடுதலாகக் கொழுந்து பறிப்பான் என்ற கணக்கே ஈரத்தை உண்டாக்கிற்று. இத்தருக்கத்தின் தவிர்க்கவியலாத முடிவு ஒன்றுண்டு: வேலை செய்ய இயலாதவனின் உடல், கணக்கில் வராத உடலாகின்றது. முதியோரின் இன்றைய அவலம் நிருவாகத்தினரின் தற்செயலான கவனக்குறைவன்று. அது 1872ஆம் ஆண்டின் சிந்தனையில் எழுதப்பட்டிருந்த தீர்ப்பு.

1951இன் பின்னர் நாட்டு மக்களுக்கு மருத்துவம் உரிமையாகியபோதும் தோட்டத்தார்க்கு அது தோட்டத்தின் பொறுப்பாகவே நீடித்தது. ஒரே மாவட்டத்தில், மலையின் அடிவாரத்துக் கிராமத்தவன் சுகாதார அமைச்சின் பொறுப்பிலும், மலைமேல் லயத்திலிருந்தவன் கம்பனியின் பொறுப்பிலுமாக இரு நாடுகள் உருவாயின. 1975இல் தோட்டங்கள் நாட்டுடைமையாகியபோது இவ்வேலி தானாகவே வீழ்ந்திருக்கவேண்டும். உடைமையாளன் அரசே, வைத்தியனும் அரசே என்றானபின் வேலிக்கு என்ன வேலை? ஆயினும் தோட்ட மருத்துவம் தோட்டக் கூட்டுத்தாபனங்களின் கிளையாகவே தொடர்ந்தது. 1992இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதி தொடக்கம் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அப்பணி பாதி வழியில் நின்றுகொண்டிருக்கின்றது. ஏனைய இடங்களிற் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லாத தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவரே ஆயிரக்கணக்கானோரின் பிணியைப் பார்க்கவேண்டியுள்ளது.

இவ்விரட்டை அமைப்பின் விளைவு எண்களிலும் தெரிகின்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடளாவிய நிலையில் 17 வீதத்தினர். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதத்தினர். ஒரு சமூகம் தன் முதியோரின் உடலை எவ்வாறு நடத்தியது என்பதைப் பேரக்குழந்தையின் உயரம் காட்டிக்கொடுக்கின்றது.

முப்பது நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்த பெண்ணின் கழுத்தும் முதுகும், செங்குத்தான மலையில் ஏறியிறங்கிய முழங்கால்களும், அறுபது வயதில் ஒருங்கே வஞ்சம் தீர்க்கின்றன. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடன் சேர்கின்றன. இவை ஒருமுறை மருந்து வாங்கித் தீரும் நோய்கள் அல்ல. மாதந்தோறும் 'கிளினிக்' சென்று ஆயுள் முழுவதும் பேணவேண்டியவை. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் இல்லை. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் ஒரேமுறையிற் கிடைத்து, கடனுக்கும் பிள்ளையின் கலியாணத்துக்கும் கரைந்துபோகின்றன. அதன்பின் மாவனல்லை ஆதார வைத்தியசாலைக்கோ கேகாலைக்கோ செல்வதற்கு வேண்டிய வாகனச் செலவு மகனின் அல்லது மகளின் நாட்சம்பளத்திலிருந்து வரவேண்டும். துணைக்கு வருபவரின் பேரும் அன்று செக்றோலில் விழாது. கட்டணமற்ற வைத்தியம் அவர்களுக்கு இரண்டு நாட்சம்பளப் பெறுமதியுள்ள வைத்தியமாகின்றது.

போற்றப்பட்டவர்களின் கதி

இவ்விடத்தில், 'படைவீரனுக்கேனும் அரசு தன் கடனைச் செவ்வனே தீர்த்துள்ளதே' என ஒருவர் கூறலாம். 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தினால் ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது. படைத்துறை வைத்தியசாலைகளும், ராகமையில் அங்கவீனமுற்றோர்க்கான புனர்வாழ்வு நிலையமும் உள்ளன. இவை வரவேற்கத்தக்கவையே. காலிழந்தவனுக்குக் காலும், மனமுடைந்தவனுக்கு ஆறுதலும் கொடுப்பதை எவரும் குறைகூற முடியாது.

ஆனால் அவ்வீரர்களே தம் நிலையைப் பற்றி யாது கூறினர்? போர் முடிந்து ஏழாண்டுகள் சென்றபின், 2016 நவம்பரில், அங்கவீனமுற்ற முன்னாள் படையினர் கொழும்புக் கோட்டையிற் சனாதிபதி செயலகத்தின் முன்பாக அமர்ந்து போராடினர். பன்னிரண்டு ஆண்டுச் சேவை பூர்த்தியாகுமுன் காயமடைந்து விலக்கப்பட்டோர்க்கும் முழு ஓய்வூதியம் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. கண்ணிவெடி காலைப் பறிக்கும்போது சேவைக்காலத்தைக் கணக்கிட்டுப் பறிப்பதில்லை; அரசு மட்டும் கணக்கிட்டது. ஊன்றுகோலோடு நின்றவர்கள்மீது நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. மேடைதோறும் 'ரணவிரு' எனப் பாடப்பட்டவன், தன் உரிமையைக் கேட்ட கணத்திலே தெருக்கூட்டத்தில் ஒருவனானான்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. 1932இல் வாசிங்டன் நகரில் தமக்குரிய கொடுப்பனவைக் கேட்டு முகாமிட்ட முதலாம் உலகப் போர் வீரரை அமெரிக்கப் படையே விரட்டியடித்தது. முன்னாள் படையினர்க்கென மாபெரும் மருத்துவத்துறையை நடத்தும் அந்நாட்டிலேதான், 2014இல் பீனிக்சு நகர வைத்தியசாலையிற் காத்திருப்போர் பட்டியல் மறைக்கப்பட்ட ஊழல் வெளிப்பட்டது. இந்தியாவில் முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் 2003 ஏப்பிரலிலேயே தொடங்கிற்று. அதற்கு முன்னர், தரைப்படைக்குப் பெருந்தொகையான ஆட்களை அளித்துவந்த வேலூர் போன்ற மாவட்டங்களின் முதிய சிப்பாய்கள் பெரிய நோய்களுக்குப் படைத்துறை வைத்தியசாலையில் இடம் கிடைக்குமா என ஏங்கவேண்டியிருந்தது. திட்டம் வந்தபின்னரும், தனியார் வைத்தியசாலைகளுக்கான நிலுவைகள் தாமதமாவதும் அதனாற் சேவை தடைப்படுவதும் அங்கு ஓயாத முறைப்பாடுகளாயின. புகழ் எங்கும் ஒன்றுதான். வரிசையும் எங்கும் ஒன்றுதான்.

இக்கதியின் காரணத்தை ஆராய்வோர் ஓருண்மையைக் காண்பர். வீரனுக்கு அளிக்கப்பட்டது உரிமையன்று, கௌரவம். உரிமையை நீதிமன்றில் கேட்கலாம். கௌரவத்தைக் கொடுப்பவனே அளவிடுவான். கொடுப்பவனே காலம் குறிப்பான். அவன் மனம் மாறும்போது அது சுருங்கும். இறந்தவனைப் போற்றுவது அரசுக்கு மலிவானது. 1864 மார்ச் 21ஆம் நாள், சரதியேலைப் பிடிக்கச் சென்று மாவனல்லையிற் சுடப்பட்டு மாண்ட துவான் சபான் என்ற மலாய்க் காவலனை இலங்கைப் பொலிசார் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். அது தக்க செயலே. ஆனால் நூற்றாண்டுகள் கடந்தும் வாடாத அந்நன்றியுணர்வு, உயிரோடிருப்பவன் மாத்திரை கேட்கும்போது ஏன் பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப் பார்க்கின்றது? இறந்தவனுக்கு மலர்வளையம் போதும். உயிரோடிருப்பவனுக்கு மருந்து வேண்டும். இதுவே வேறுபாடு.

கௌரவத்தின் அடிப்படையில் அமைந்த மருத்துவம் மற்றோர் அநீதியையும் புரிகின்றது. அது உடல்களைத் தரம் பிரிக்கின்றது. வடகிழக்கில் அதே போரிற் கையும் காலும் இழந்த பொதுமக்களும், மறுதரப்பில் நின்று புனர்வாழ்வு பெற்று வெளிவந்தோரும், செயற்கைக் கால் வேண்டித் தொண்டு நிறுவனங்களையே பெரிதும் நாடவேண்டியுள்ளது. எறிகணைச் சிதறல் முதுகெலும்பில் தங்கும்போது கொள்கை பார்ப்பதில்லை. அதை அகற்றும் கை மட்டும் கொள்கை பார்த்தல் மருத்துவ அறமாகாது.

மூன்று மறுப்புகள்

இவ்வாதத்திற்கு எதிராக மூன்று கருத்துகள் முன்வைக்கப்படுவதுண்டு.

முதலாவது, உயிரைப் பணயம் வைத்தவனையும் கூலிக்கு உழைத்தவனையும் ஒப்பிடுதல் தகாது என்பது. படைவீரனும் சம்பளம் பெற்றவனே. படையிற் சேர்ந்தோரிற் பெரும்பாலோர் வேறு தொழில் வாய்க்காத கிராமப்புற வறிய குடும்பங்களின் பிள்ளைகள் என்பது எவரும் அறியாததன்று. வறுமையே ஒருவனைப் படைமுகாமுக்கும் மற்றவனின் மூதாதையை இறப்பர் மலைக்கும் அனுப்பிற்று. இடரின் அளவில் வேறுபாடு உண்டு. அதற்கேற்பச் சிறப்புச் சிகிச்சையிலும் வேறுபாடு இருக்கலாம். ஆனால் உடலைத் தேய்த்து நாட்டை வாழவைத்தவனுக்கு நாடு கடன்பட்டுள்ளது என்ற அடிப்படைக் கோட்பாட்டில் வேறுபாடு இல்லை.

இரண்டாவது, அரச வைத்தியசாலை யாவருக்கும் திறந்திருக்கும்போது தோட்டத்தாருக்கெனத் தனிக்கோரிக்கை எதற்கு என்பது. கதவு திறந்திருப்பதும் அதனை அடையும் பாதை இருப்பதும் வெவ்வேறானவை. கேகாலை மாவட்டத் தோட்டத் தமிழர் எண்ணிக்கையிற் சிறியர். நுவரெலியாவைப்போலத் தேர்தற் கணக்கை மாற்றும் பலம் அவர்களுக்கு இல்லை. நோயை விளக்குவதற்கும் மருந்தின் அளவை விளங்கிக்கொள்வதற்கும் மொழி தடையாகுமிடத்து, திறந்த கதவும் மூடியதற்குச் சமமே. இக்கோரிக்கை தனிச்சலுகை வேண்டுவதன்று. இருக்கின்ற தனிமையை நீக்க வேண்டுவது.

மூன்றாவது, அரசிடம் பணம் இல்லை என்பது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் மருந்துகளே கிடையாதபோது நாடு முழுவதும் தவித்தது மெய்யே. ஆயின் வறுமையைப் பங்கிடும்போதும் நீதி வேண்டும். இவ்விடத்தில் நினைவுகூர வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. மலேரியாக் காலத்திற் பருப்புச் சுமந்த அதே என். எம். பெரேரா நிதியமைச்சராயிருந்த 1971ஆம் ஆண்டில், வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டது. 1977இல் அது கைவிடப்பட்டது. தொகை சிறிது, அது கற்பிக்கும் பாடம் பெரிது. மருத்துவம் உரிமை எனச் சட்டத்தில் ஆழ வேரூன்றாதவிடத்து, மக்களின் நண்பர்களின் கையிலும் அது பேரம்பேசும் பொருளாகும். பணமுடை என்பது எந்த உரிமையையும் மறுப்பதற்குத் தோட்டத்தார்முன் எப்போதும் வைக்கப்பட்ட காரணம். இறப்பரின் விலை ஏறிய காலத்திலும் அவர்களுக்கு அதுவே கூறப்பட்டது.

செய்யத்தக்கவை

ஆகவே கோரிக்கை தெளிவானது. தோட்ட மருந்தகங்களையும் வைத்தியசாலைகளையும் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் பணி, பாதியில் நின்ற இடத்திலிருந்து முழுமைபெற வேண்டும். ஒரு தோட்டம் இலாபத்தில் ஓடுகின்றதா, மூடப்படுகின்றதா என்பதில் அங்கு வாழும் மனிதரின் மருந்து தங்கியிருத்தலாகாது. ஓய்வு பெற்றோரின் நீடித்த நோய்களுக்கான மாதாந்தக் 'கிளினிக்'குகள் தோட்டத்திற்கே வருதல் வேண்டும். பட்டதாரி வைத்தியர் குறித்த நாளில் மலையேறி வருவது, அறுபது முதியோர் மலையிறங்குவதிலும் எளிது. மாவனல்லை போன்ற வைத்தியசாலைகளில் நோயாளியின் மொழியிற் பேசவும் எழுதவும் வல்ல ஊழியர் இருத்தல் வேண்டும். அங்கவீனமுற்ற படைவீரனின் ஓய்வூதியமும் சிகிச்சையும் சேவை ஆண்டுகளால் அன்றி அவன் காயத்தால் அளவிடப்படுதல் வேண்டும். கொழும்புக்கும் ராகமைக்கும் அலையாது தன் மாவட்டத்திலேயே அவன் அவற்றைப் பெறுதல் வேண்டும்.

இவற்றை இரு தரப்பாரும் தனித்தனியே கேட்கும்வரை அரசுக்கு ஆபத்தில்லை. படைவீரனிடம், 'உன்னை மற்றவர்களுக்கு மேலாக வைத்திருக்கின்றோம்' எனக் கூறி மௌனமாக்கலாம். தோட்டத் தொழிலாளியிடம், 'உன் தோட்டத்தைக் கேள்' எனக் கூறி அனுப்பலாம். ஆனால் அரணாயக்கவின் ஒரு கிராமத்திலிருந்து ஊன்றுகோலோடு வருபவனும், மலையுச்சியின் லயத்திலிருந்து மகளின் தோள்பற்றி வரும் மூதாட்டியும் ஈற்றில் வந்து நிற்பது மாவனல்லை வைத்தியசாலையின் ஒரே வாங்கின் அருகேயாகும். இருவரும் பேசும் மொழி வேறு. இருவரின் கையிலும் இருப்பது ஒரே நிறத்துக் 'கிளினிக்' அட்டை. ஒருவன் காத்த நாட்டின் செல்வத்தை மற்றவள் ஈட்டினாள். அவ்விருவரும் ஒருவர் அட்டையை மற்றவர் வாசித்தறியும் நாளிலே, நன்றி என்ற பெயராற் காலங்கடத்தும் அரசியல் முடிவுக்கு வரும். அவ்வாசிப்பைத் தொடக்கிவைக்கும் பொறுப்பு, கண்டிச் சாலையில் மாவனல்லையைக் கடந்து பல்கலைக்கழகம் செல்லும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டணமற்ற கல்விக்கும், அங்குப் பயின்று வெளிவரும் வைத்தியரின் பட்டத்துக்கும் விலை கொடுத்தோர் அம்மலைகளிலேயே இருக்கின்றனர். அவர்கள் கேட்பது தருமமன்று. கொடுத்த கடனின் திருப்பம்.